ஒரு சினிமா நேரத்து இருட்டு

அழைப்பு மணியை ஒரே ஒரு முறைதான் அடிப்பார். அடித்துவிட்டு இரண்டடி பின்னால் வந்து, கதவின் துளை வழியே பார்ப்பவருக்கு முழு ஆளும் தெரியும்படி நிற்பார். டார்ச்சை இடது அக்குளில் செருகி, வெளிச்சம் தன் கைகளின்மேல் விழும்படி சரிசெய்துகொள்வார். கதவு திறந்ததும் முதலில் வீட்டு விளக்கைக் காட்டுவார். பிறகு விரித்த விரல்களை மெல்லக் குவிப்பார். அப்புறம் கீழே மைதானத்தைக் காட்டுவார். கடைசியில் உள்ளங்கையை நெஞ்சில் வைப்பார். இவ்வளவும் ஆன பிறகுதான் வாயைத் திறப்பார்: "ஒரு சினிமா நேரந்தாங்க."

எங்கள் பள்ளிக்கூடம் பெற்றோர்கள் சேர்ந்து நடத்துவது. அதற்கு நிதி சேர்க்க ஆண்டுக்கு ஒரு மாலை மைதானத்தில் குறும்பட விழா. பெற்றோர் எடுத்த படம், பிள்ளைகள் எடுத்த படம், யாரோ ஒருவரின் மைத்துனர் எடுத்து யாரும் பார்க்காத படம் எல்லாம் வரிசையாக ஓடும். திரை என்று தனியாக எதுவும் கிடையாது. பள்ளியின் ஜன்னலில்லாத பக்கச் சுவருக்கு வெள்ளையடித்து வைத்திருக்கிறோம், அதுதான் திரை. மற்ற மூன்று பக்கமும் குடியிருப்புகள். அத்தனை ஜன்னல்களும் மைதானத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். பொழுது சாய்ந்து அவை ஒவ்வொன்றாக எரியத் தொடங்கினால், சுவரில் ஓடும் படம் தண்ணீர் ஊற்றிய பாலாக வெளுத்துப்போகும். ஆகவே யாராவது வீடு வீடாகப் போய் விளக்கை அணைக்கச் சொல்ல வேண்டும். முதல் ஆண்டிலிருந்து அது அவர்தான். தொழில் லிஃப்ட் மெக்கானிக். சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் 'இருட்டண்ணன்'.

அந்த வேலையை வேறு யாராலும் செய்ய முடியாது என்பது என் அபிப்பிராயம். ஒவ்வொரு மாடியிலும் ஒவ்வொரு மொழி பேசும் கட்டடங்கள் இவை. ஒரு வீட்டில் வணக்கம் சொல்வதா வேண்டாமா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் அவர் நான்கு வீடு முடித்துவிடுவார். யார் கதவைத் திறந்தாலும் அவர் கைகள் பேசும் மொழி அவர்களுக்குப் புரிந்துவிடும். முறைத்துக்கொண்டு வந்தவர்கூட, டார்ச் வெளிச்சத்தில் அந்த விரல்கள் குவிவதைப் பார்த்ததும் தன்னை அறியாமல் சுவிட்சுப் பக்கம் திரும்புவார். முரண்டு பிடிப்பவர்களுக்கு வேறு வைத்தியம் இருக்கிறது. "உங்க மாடியில லிஃப்ட் கதவு கிறீச்சுங்குதுன்னு சொன்னீங்கள்ல? நாளைக்குக் காலையில முதல் வேலையா வந்து பாத்துடறேன்" என்பார். லஞ்சம்தான். ஆனால் சொன்னபடி காலையில் போய்விடுவார்.

இருட்டைப் பற்றி அவர் பேசுவதைக் கேட்டால் ஏதோ துணி வியாபாரி பேசுவதுபோல இருக்கும். மைதானத்தின் நடுவில் நின்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார். "அந்தப் பக்கம் கொஞ்சம் கிழிஞ்சிருக்கு" என்பார். அங்கே பார்த்தால் யாரோ குளியலறை விளக்கை மறந்திருப்பார்கள். "இங்க நைஸா இருக்கு, இன்னும் கொஞ்சம் கெட்டியா வேணும்" என்று பல் மருத்துவரின் பெயர்ப் பலகைக்குச் சாக்கைப் போட்டு மூடுவார். எல்லாம் சரியாக அமைந்துவிட்டால் இடுப்பில் கை வைத்து, "இருட்டு நல்லா விழுந்திருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். அதைக் கேட்ட பிறகுதான் புரொஜெக்டரைப் போடுவார்கள்.

கடைசியாக இருட்டாவது அவருடைய சொந்த வீடு. சுவருக்கு நேர் எதிரே, இரண்டாவது மாடி. பால்கனி கடைசி வரிசை நாற்காலிகளின் தலைக்குமேல் நீட்டிக்கொண்டிருக்கும். பால்கனியில் ஒரு பெரிய விளக்கு உண்டு. கழற்றிக்கொண்டுவந்த மோட்டாரையும் கதவுச் சக்கரங்களையும் வைத்துச் சுத்தம் செய்ய அவரே பொருத்தியது. அதைப் போட்டால் மைதானத்தில் விழுந்த பொத்தானைத் தேடி எடுக்கலாம். விழா மாலையில் கீழே நின்றபடி பால்கனியை நிமிர்ந்து பார்ப்பார். டார்ச்சை அக்குளில் வைப்பார். விரல்களைக் குவிப்பார். மேலே கூடத்து விளக்கு, சமையலறை விளக்கு, பால்கனி விளக்கு மூன்றும் அணையும்.

அணைப்பது அவருடைய மகள். சிட்டு என்று கூப்பிடுகிறார்கள், அவள் கேட்டதில்லை. பிறவியிலேயே காது கேட்காது. அந்த வீட்டில் மூன்று பேரும் கையால்தான் பேசிக்கொள்வார்கள். அவர் சாப்பிட உட்கார்ந்தால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தட்டில் கையை உதறிவிட்டுப் பேசுவார். மனைவி அதற்கே ஒரு துண்டு வைத்திருக்கிறார். ரொட்டி அடுமனையில் வேலை பார்க்கும் அந்த அம்மாள் ஒருமுறை என்னிடம் சொன்னார்: "ஊருக்கெல்லாம் சினிமாங்க. எங்க வீட்டுல அன்னிக்கிப் பேச்சே நின்னுபோயிடும். விளக்கு இல்லாட்டி அவகிட்ட நான் எதச் சொல்றது? அவ என் உள்ளங்கையில விரலால எழுதுவா, நான் அவ உள்ளங்கையில எழுதுவேன். 'தண்ணி வேணுமா'ன்னு கேக்கறதுக்குள்ள தாகமே போயிடும்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

இருட்டண்ணனின் தொழில் காதால் செய்வது. லிஃப்ட் கதவில் காதை ஒட்டிவைத்து, கம்பி எங்கே உரசுகிறது என்று கேட்பார். பக்கத்தில் யாராவது பேசினால் "சும்மா இருங்கப்பா, அது பேசிட்டிருக்கு" என்பார். சிட்டு குழந்தையாக இருந்தபோது அவளையும் தூக்கிக்கொண்டு போவார். தான் காதை வைக்கும் இடத்தில் அவள் உள்ளங்கையை வைப்பார். அவள் சற்று நேரம் கதவைத் தொட்டுக்கொண்டிருந்துவிட்டு, லிஃப்ட் கிளம்பிவிட்டது என்று கையால் சொல்வாள். "என் வேலைக்கு ஆள் ரெடி" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவளைப் படிக்க வைக்க வேண்டும் என்று முதலில் பேசியவர்கள் பள்ளிக்காரர்கள்தான். சைகை மொழி தெரிந்த ஒரு ஆசிரியர், ஒரு வகுப்பறை. அதற்குப் பணம் சேர்க்கத்தான் இந்த விழாவையே ஆரம்பித்தார்கள்.

ஆரம்பித்தபோது ஒரு படம் எடுத்தார்கள். ஒரு நிமிடப் படம். பெற்றோர் சங்கத் தலைவரான மருந்துக்கடைக்காரரின் மைத்துனர், கல்யாண வீடியோ எடுப்பவர், அவர்தான் எடுத்தார். சிட்டு பள்ளித் தாழ்வாரத்தில் தனியாக நிற்கிறாள். பின்னால் டீச்சர் "பாப்பா! பாப்பா!" என்று கூப்பிடுகிறார். அவள் திரும்புவதில்லை. வயலின் அழுகிறது. 'இவளுக்கும் ஒரு வகுப்பறை வேண்டாமா?' என்று எழுத்து வருகிறது. அவ்வளவுதான் படம். ஆனால் எடுக்கும்போது வேறு மாதிரி நடந்தது. டீச்சர் ஒரு அடி எடுத்து வைத்தாலே தரைப் பலகை அதிரும், அது காலில் பட்டு சிட்டு சட்டென்று திரும்பிச் சிரிப்பாள். "என்னங்க, பாப்பா திரும்பிடுதே" என்று வீடியோக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். கடைசியில் டீச்சரின் செருப்பைக் கழற்றச் சொல்லி, காலுக்கடியில் மெத்தை போட்டு, அசையாமல் நின்று கூப்பிட வைத்து எடுத்தார்கள். அவள் திரும்பவில்லை. எல்லாரும் கைதட்டினார்கள். இருட்டண்ணனும் தட்டினார்.

அதன் பிறகு ஒவ்வொரு விழாவும் அந்தப் படத்தோடுதான் தொடங்குகிறது. சுவர் முழுக்க அவள் முகம். கூட்டம் ஒரே மூச்சாக "உச்" கொட்டும். அந்தச் சத்தம் அடங்குவதற்குள் உண்டியல் டப்பாக்கள் வரிசைக்குள் நுழைந்துவிட வேண்டும் என்பது செயலாளரம்மாவின் ஏற்பாடு. மேலே இருட்டுப் பால்கனியில் நின்று அவளும் பார்த்துக்கொண்டிருப்பாள்.

பணம் சேராமல் இல்லை. ஒரு வருடம் பள்ளிக்குப் புது வாசல் வளைவு வந்தது. ஒரு வருடம் ஒலிபெருக்கிகள் வந்தன. ஒரு வருடம் பெயின்ட் அடித்தார்கள். "அடித்தளம் முதல்ல" என்பார் மருந்துக்கடைக்காரர். கெட்ட மனிதர் அல்ல. நடுராத்திரியில் தட்டினாலும் எழுந்து வந்து மருந்து கொடுப்பவர். 'பாப்போம்' என்ற சொல்லையும் தட்டிய எல்லாருக்கும் கொடுப்பார். சிட்டு சாதாரண வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து, கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதினாள். டீச்சர் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு பேசினால் அவளுக்குப் பார்த்துப் புரிந்துகொள்ள உதடும் இல்லை. பையன்கள் அந்தப் படத்தைப் பார்த்து ஒரு விளையாட்டுக் கண்டுபிடித்திருந்தார்கள். அவள் முதுகுக்குப் பின்னால் வந்து "பாப்பா! பாப்பா!" என்று வயலின் குரலில் கூப்பிடுவது. அவள் திரும்பாவிட்டால் ஒரு சிரிப்பு, திரும்பிவிட்டால் இரண்டு சிரிப்பு.

இப்போது அவள் அம்மாவின் தோளைத் தாண்டிவிட்டாள். இந்த ஆண்டு முடிந்தால் எங்கள் பள்ளியில் அவளுக்கு மேல் வகுப்பு கிடையாது.

விழாவுக்கு முந்தைய கூட்டம் ஒன்றாம் வகுப்பறையில் நடந்தது. பெரியவர்கள் எல்லாரும் குழந்தை நாற்காலிகளில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தோம். மருந்துக்கடைக்காரர் எழுந்து, இந்த வருட நிதியில் மைதானத்துக்குக் கூரை போடப்போகிறோம் என்றார்.

"எதுக்குங்க கூரை?" இருட்டண்ணன் கேட்டார்.

"என்னண்ணே இப்படிக் கேக்கறீங்க? போன வருஷம் மழையில பாதியில நின்னுச்சே, மறந்துட்டீங்களா? கூரை இருந்தா விழா தடங்கலில்லாம நடக்கும். விழா நடந்தா பணம் வரும். பணம் வந்தா உங்க வகுப்பு. படிப்படியா போவோம்."

"நான் லிஃப்ட்காரன் தலைவரே. படியில ஏறி எனக்குப் பழக்கமில்ல."

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரிப்பு ஓயும்வரை காத்திருந்து, "என் பொண்ணுக்கு இங்க இதுதாங்க கடைசி வருஷம்" என்றார்.

செயலாளரம்மா ஆதரவாகச் சொன்னார்: "அவ நல்லாத்தானே சமாளிக்கிறா. போர்டப் பாத்து என்ன அழகா எழுதறா! எழுத்து முத்து முத்தா இருக்கு."

"எழுதறாம்மா. என்ன எழுதறோம்னு அவளுக்கும் தெரியணும்ல?"

ஒரு குழந்தை நாற்காலி யாருடைய பாரத்திலோ முனகியது. மருந்துக்கடைக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"சரிங்க" என்றார் இருட்டண்ணன். "கூரையே போடுங்க. நான் தடுக்கல. ஆனா அந்தப் படத்த இந்தத் தடவ போட வேணாம். அவளே சொல்லிட்டா, எடுத்துடச் சொல்லுப்பான்னு."

"அதெப்படிண்ணே? அதுதானே நம்ம விழாவுக்கே முகம்!"

"முகம் என் பொண்ணோடதுங்க."

"கோவிச்சுக்காதீங்க. பாப்போம்ணே. ஏதாவது பண்ணுவோம்."

"பாப்போம்" என்று அவரும் திருப்பிச் சொன்னார். வெளியே போகும்போது அத்தனை குழந்தை நாற்காலிகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிவைத்துவிட்டுத்தான் போனார்.

விழா மாலை அவர் வருவாரோ மாட்டாரோ என்று எனக்குச் சந்தேகம். வராவிட்டால் கதவுகளைத் தட்டும் வேலை என் தலையில் விழும் என்ற கவலையும் அதில் சேர்த்தி. வழக்கமான நேரத்துக்கு வந்தார். சலவைச் சட்டை, அக்குளில் டார்ச். இந்த முறை நானும் கூடவே சுற்றினேன். மணியை ஒரு முறை அடித்தார், இரண்டடி பின்னால் வந்தார், விரல்களைக் குவித்தார். ஐந்தாவது மாடியில் ஒருவர் எங்கள் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார். நான் திரும்பிவிட்டேன். இவர் அசையவில்லை. "இருங்க. அந்தாளு கதவச் சாத்தினாலும் மனசு கேக்காது" என்றார். கதவுக்குக் கீழே தெரிந்த வெளிச்சக் கீற்று கொஞ்ச நேரத்தில் அணைந்தது.

மாடிப்படியில் இறங்கும்போது கேட்டேன்: "அந்தப் படத்த எடுத்துட்டாங்களாண்ணே?"

"பாப்போம்னாரே."

"அவரு எப்பவும் அப்படித்தானே சொல்லுவாரு."

"ஒவ்வொரு தடவயும் நம்பிட்டேன். இந்தத் தடவ மட்டும் நம்பாம இருந்தா அது மரியாதையா இருக்குமா?" என்றார். கிண்டலா, நிஜமா, தெரியவில்லை. படிக்கட்டில் விளக்கில்லை. அதையும் அவர்தான் அணைத்திருந்தார்.

கீழே மைதானம் நிறைந்திருந்தது. நடுவில் நின்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். கிழிசல் எங்கும் இல்லை. பால்கனியைப் பார்த்து விரல்களைக் குவித்தார். மேலே மூன்று விளக்கும் அணைந்தன. இடுப்பில் கை வைத்தார். "இருட்டு நல்லா விழுந்திருக்கு."

புரொஜெக்டரைப் போட்டார்கள்.

தாழ்வாரம் வந்தது. வயலின் வந்தது. சுவர் முழுக்கச் சிட்டுவின் குழந்தை முகம் வந்தது. கூட்டம் "உச்" கொட்டியது. டப்பாக்கள் கிளம்பின.

இருட்டண்ணன் சற்று நேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நாற்காலி வரிசைகளுக்கு நடுவே இருந்த வழிக்கு வந்து சுவருக்கு முதுகைக் காட்டி நின்றார். டார்ச்சை அக்குளில் செருகினார். வெளிச்சம் விழுந்த கையை உயர்த்தி, குவித்த விரல்களை மெல்ல விரித்தார்.

பால்கனிக்குப் பின்னால் கூடத்து விளக்கு எரிந்தது. சுவரில் முகம் லேசாக மங்கியது.

"யாருப்பா அது, லைட்டப் போட்டது?" என்றது ஒரு குரல். "ஐயையோ, இருட்டண்ணன் வீடுதான்!" என்றது இன்னொன்று. வரிசை வரிசையாகச் சிரிப்பு பரவியது. மருந்துக்கடைக்காரர் குனிந்தபடியே ஓடிவந்தார்.

"அண்ணே, உங்க வீடேதாண்ணே. மறந்து போட்டுட்டாங்கபோல. கொஞ்சம் சொல்லுங்க."

"சொல்றேங்க" என்றார். கையை உயர்த்தினார். விரல்கள் விரிந்தன.

சமையலறை விளக்கு எரிந்தது.

"அணைக்கச் சொல்லுங்கண்ணே, அணைக்க!"

"சொல்லிக்கிட்டேதான் இருக்கேன் தலைவரே. எங்க வீட்டுப் பேச்சு உங்களுக்குப் புரியல."

மருந்துக்கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை. தானே பால்கனியைப் பார்த்து இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கி வேகவேகமாக ஆட்டினார். மேலே நின்ற சிட்டு அவரைப் பார்த்தாள். மரியாதையாகத் தானும் கையை ஆட்டினாள்.

இருட்டண்ணன் மூன்றாவது முறையாகக் கையை உயர்த்தினார்.

பால்கனியின் பெரிய விளக்கு எரிந்தது. நாங்கள் எல்லாரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டோம். சுவர் வெறும் சுண்ணாம்புச் சுவராக ஆயிற்று. அதில் தாழ்வாரம் இல்லை, முகம் இல்லை, எழுத்தும் இல்லை. ஒலிபெருக்கி மட்டும், அவர்கள் வாங்கிய நல்ல ஒலிபெருக்கி, "பாப்பா! பாப்பா!" என்று சுவரைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. டப்பா பிடித்திருந்தவர்கள் வரிசைகளுக்கு நடுவே அப்படியே நின்றார்கள். கூட்டம் ஒவ்வொருவராகப் பின்னால் திரும்பி மேலே பார்த்தது. அம்மாவின் பக்கத்தில், கம்பியைப் பிடித்தபடி, சிட்டு அப்பாவின் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர் அக்குளிலிருந்து டார்ச்சை எடுத்தார். அணைத்தார். சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.